குடிக்கொரு மரைக்கார்

கொழும்பில் மரிக்கார் என்றால் அது ஒரு குடும்பப் பெயர். காயல்பட்டணத்திலும் கீழக்கரையிலும் மரைக்காயர் என்றால் கடல் வணிகம் செய்த ஒரு சமூகம். கோழிக்கோட்டில் குஞ்ஞாலி மரைக்கார் என்றால் சாமூதிரியின் கடற்படைத் தலைவர். அந்தப் பட்டத்தை வைத்திருந்த நால்வரில் கடைசியானவரைப் போர்த்துக்கேயர் 1600இல் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். எங்கள் கரையில், மருதமுனை தொடங்கி கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று அக்கரைப்பற்று வரைக்கும், மரைக்கார் என்பது பெயருமில்லை, சாதியுமில்லை. அது ஒரு வேலை. ஒரு மனிதரை ஊருக்கும் பள்ளிவாசலுக்கும் முன்னால் நிறுத்தி, 'இவர் இன்னார், இன்ன குடி, எங்கட ஆள்' என்று சொல்லும் வேலை.

அந்த வேலையைப் பற்றி எழுதுகிறேன். என் உம்மாவின் மூத்த காக்கா, அதாவது என் பெரிய மாமா, எங்கள் குடியின் மரைக்காராக இருந்தார். நான் நொத்தாரிசு கந்தோர் ஒன்றில் காணி உறுதி எழுதிக் காலம் கழித்தவன். இரண்டு பக்கத்தாலும் எனக்கு இதில் சம்பந்தம் உண்டு.

முதலில் குடி என்பது என்ன என்று வெளியூர் வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி பார்ப்பவர்கள். பிள்ளை உம்மாவின் குடி. உம்மா, உம்மம்மாவின் குடி. வாப்பாவின் குடி பிள்ளைக்கு வராது. ஒரே குடிக்குள் ஆணும் பெண்ணும் கலியாணம் முடிப்பதில்லை; அவர்கள் உடன்பிறந்தவர்கள் முறை. ஆகவே கலியாணப் பேச்சில் சீதனத்துக்கு முன்னால் வரும் கேள்வி குடிதான். 'ஆருட புள்ள? எந்தக் குடி?' என்று கேட்டால் வாப்பாவின் பேரைச் சொல்லிப் பயனில்லை, உம்மாவின் பக்கத்தைச் சொல்ல வேண்டும்.

இந்த முறை முஸ்லிம்களுக்கு எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. இந்தக் கரையில் இருந்த முக்குவர், திமிலர் என்ற இரண்டு சாதியாருக்கும் சண்டை வந்தது. முஸ்லிம் வணிகர்களான பட்டாணியர் முக்குவர் பக்கம் நின்று திமிலரை வடக்கே விரட்டினார்கள். அதற்குக் கைமாறாக முக்குவப் பெண்களை முடித்து இங்கேயே குடியிருந்தார்கள். அந்தப் பெண்களோடு குடியும் வந்தது. 1962இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், இரண்டு ஆண்டு கழித்து வி.சீ. கந்தையா எழுதிய மட்டக்களப்புத் தமிழகமும் இந்தப் பழைய செய்திகளைத் தேடுகிறவர்கள் முதலில் புரட்டும் நூல்கள். கதையை அப்படியே வரலாறாக எடுக்க நான் சொல்லவில்லை. ஆனால் குடிப் பெயர்களில் சில தமிழ் ஊர்களிலும் எங்கள் ஊர்களிலும் ஒன்றாகவே இருக்கின்றன. அது கதையல்ல, கண்ணால் காண்பது. இன்னொரு பக்கம், போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அப்படி வந்தவர்களும் இங்கே முடித்த பெண்களின் வழியாகத்தான் இந்தக் கரைக்குள் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தாய்வழி ஊரில், வந்தவன் ஊரானாக வேறு பாதை கிடையாது.

மரைக்கார் என்ற சொல்லை மரக்கலத்திலிருந்து எடுப்பார் சிலர். கப்பலைக் குறிக்கும் மர்கப் என்ற அரபுச் சொல்லிலிருந்து எடுப்பார் சிலர். எப்படி எடுத்தாலும் அது கப்பலில் போய்த்தான் நிற்கிறது. கப்பல்காரரைக் குறித்த சொல் எங்கள் கரையில் பள்ளிவாசலுக்குள் வந்து, குடியின் ஆளைக் குறிக்கும் சொல்லாக மாறியது.

பக்கத்துத் தமிழ் ஊர்களில் இதே வேலைக்கு வேறு பேர். திருக்கோவில் போன்ற பெரிய கோயில்களில் குடிகளின் சார்பில் நிர்வாகத்தில் இருப்பவர் வண்ணக்கர். வண்ணக்கர் பழந்தமிழில் பொன்னையும் நாணயத்தையும் நோட்டம் பார்ப்பவர். சங்கப் புலவர்களிலேயே வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று அந்தப் பேர் சொல்லி அறியப்பட்டவர்கள் உண்டு. கோயிலில் குடி வாரியாகத் திருவிழா முறை. ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி இதையெல்லாம் தமிழர் பக்கமும் முஸ்லிம்கள் பக்கமும் சேர்த்துப் பார்த்தவர். 2008இல் வந்த அவருடைய பெரிய நூலில் வண்ணக்கரும் மரைக்காரும் ஒரே அமைப்பின் இரண்டு பேர்களாகத் தெரிகிறார்கள். கோயிலும் பள்ளியும் வேறு. குடி, பொறுப்பாளர், முறை மூன்றும் ஒன்று. கல்முனையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் எல்லை பிரிப்பதிலேயே காலம் போய்க்கொண்டிருக்கிற இந்த நாளில் இதை ஒருவரும் மேடையில் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

இப்போது மரைக்காரின் வேலைக்கு வருகிறேன்.

என் பெரிய மாமாவிடம் ஒரு நீளக் கொப்பி இருந்தது. கடைக்காரர் கணக்கெழுதும் கொப்பி, மட்டைக்குச் சீலை ஒட்டியது. அதில் எங்கள் குடியின் வீடுகள் ஒழுங்கை வாரியாக இருந்தன. ஒவ்வொரு வரியும் ஒரு பெண்ணின் பேரில் தொடங்கியது. இன்ன உம்மா வீடு, இன்ன நாச்சி வீடு என்று. அதற்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவரின் பேரும், அவர் எந்தக் குடி, எந்த ஊர் என்பதும் சின்ன எழுத்தில் இருக்கும். பள்ளிக் காசு கட்டியதற்குப் பென்சிலால் புள்ளி. மௌத்தானவரின் பேருக்கு மேல் ஒரு கோடு. வெட்டிப் போட்ட கோடல்ல, பேர் வாசிக்கக்கூடியதாக மெல்லிய கோடு. பிள்ளைகளைப் பிறந்த வரிசையில் எழுதியிருந்தார். பெண்பிள்ளைகளின் பேருக்கு எதிரே மட்டும் இடம் விட்டிருப்பார். அந்த இடம் நாளைக்கு அவள் வீட்டுக்கு வரப்போகிறவருக்கு.

எங்கள் குடி வீடொன்றில் கலியாணம் வந்தால் அவரிடம் சொல்லாமல் நடக்காது. மாப்பிள்ளை வேற்றூர் என்றால் அந்த ஊர்ப் பள்ளியிலிருந்து கடிதம் வர வேண்டும்: ஆள் இன்னார், அங்கே வேறு கலியாணம் இல்லை, பள்ளிக்குக் கடன் இல்லை. கடிதம் வந்த பிறகும் மாமா நேரில் போய் ஒருமுறை பார்ப்பார். சைக்கிளை எடுத்தார் என்றால் வீட்டில் மாமி கேட்கவே மாட்டா, ஆருக்கோ மாப்பிள்ளை பார்க்கப் போகிறார் என்று தெரியும். திரும்பி வந்து பெண்ணின் வாப்பாவிடம், 'புள்ள நல்ல புள்ள, மறுகா உங்கட விருப்பம்' என்பார். அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் ஒரு பொறுப்பு இருந்தது. பின்னாளில் அந்த வீட்டில் சண்டை வந்தால் ஆட்கள் குடும்ப வழக்குப் பார்க்கும் காதியாரிடம் போவதற்கு முன் அவர் வளவுக் கடப்படிக்குத்தான் வருவார்கள். 'நீங்க சொல்லித்தானே முடிச்சம்' என்று கேட்பார்கள். அவர் அதை மறுத்து நான் கேட்டதில்லை.

மையத்து விழுந்தால் முதல் செய்தி அவருக்கு. பள்ளிக்குச் சொல்லி மோதினாரை அறிவிக்க வைப்பதும், கபுறுக்கு ஆள் விடுவதும் அவர். கந்தூரி ஆக்கினால் எங்கள் குடி வீடுகளுக்குரிய சோறு கணக்குப் பார்த்துப் போகும். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் நினைவாகக் கொடியேறும் நாட்களில் வெளியூர்ச் சனம் வந்து நிறையும். யாருடைய வீட்டில் யார் தங்குகிறார்கள் என்பதும் மாமாவுக்குத் தெரிந்திருக்கும். கைம்பெண் வீட்டுக் கூரை ஒழுகுவதும் தெரிந்திருக்கும். இதற்கெல்லாம் சம்பளம் இல்லை. நோன்புப் பெருநாளன்று குடியின் பிள்ளைகள் எல்லாம் வந்து சலாம் சொல்லிப் போவார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பதவி வாப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது. குடி தாய்வழி, ஒரே குடிக்குள் முடிப்பதில்லை என்ற இரண்டு விதியையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். மரைக்காரின் மனைவி வேறு குடி. ஆகவே அவர் மகன் வேறு குடி. மகனுக்கு வாப்பாவின் குடியைப் பேச உரிமையே இல்லை. அந்தக் குடியில் அவருக்கு அடுத்தபடி இருப்பவன் அவருடைய ராத்தா, தங்கச்சி பெற்ற மகன், மருமகன்தான். கிறித்தோப்பர் பிரிட்டோ 1876இல் அச்சிட்ட முக்குவர் சட்ட நூலிலும் சொத்துக்கு இதே தாய்வழித் தர்க்கம்தான். இதன் விளைவு பெரிது. ஒரு வீட்டுக்குள் பதவி கெட்டியாக உட்கார முடியவில்லை. மாமாவின் மகன்கள் பணக்காரர், படித்தவர். ஆனாலும் அவருக்குப் பின் அந்தக் கொப்பி அவர்களுக்குப் போகவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் உம்மா அதை அலுமாரியில் வைத்தா. நான் மரைக்கார் ஆகவில்லை. அதற்குள் அந்தப் பதவியே ஊரில் ஒடுங்கிவிட்டது.

ஒடுங்கியதற்கு ஒரே காரணம் இல்லை. 1931இல் வந்த கட்டளைச் சட்டம் முஸ்லிம்களின் வாரிசுரிமையையும் வக்புச் சொத்தையும் எழுத்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1956இன் 51ஆம் இலக்கச் சட்டம் பள்ளிவாசல்களைப் பதிவு செய்து, நம்பிக்கையாளர்களை நியமிக்கும் அதிகாரத்தை வக்பு சபைக்குக் கொடுத்தது. சட்டத்தின் கண்ணுக்கு ஜமாஅத் தெரியும், குடி தெரியாது. பல பள்ளிகளில் குடிக்கு ஒருவர் என்ற பழைய கணக்கை அப்படியே நம்பிக்கையாளர் பட்டியலாக எழுதி அனுப்பினார்கள். பழையதும் புதியதும் கொஞ்சக் காலம் ஒன்றாகவே போனது. 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தோடு உள்நாட்டின் முகம் மாறியது; அரச நிர்வாகமும் மாறியது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமானது. 1963இல் பழைய தலைமைக்காரர் முறை போய் கிராம சேவகர் வந்தார். 'இவர் இவ்வூரார்' என்று எழுதித்தரும் அதிகாரம் அவருடைய முத்திரைக்குப் போனது. பிறகு மத்திய கிழக்குக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். அந்தக் காசோடு, பள்ளியில் குடி எதற்கு, அது மார்க்கத்தில் இல்லையே என்ற கேள்வியும் வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பலர் நல்ல மனத்தோடுதான் கேட்டார்கள். குடிகளுக்குள் பெரிசு சிறிசு பேசுவதும், முன்வரிசைக்குச் சண்டை பிடிப்பதும் உண்மையில் இருந்தன. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் மரைக்காரை எடுத்துவிட்ட இடத்தில் எதை வைத்தோம் என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முதலில் எங்கள் கரையில் வீடு யாருடையது என்று சொல்ல வேண்டும். எங்கள் கந்தோரில் நான் எழுதிய உறுதிகளில் பெரும்பங்கு ஒரே மாதிரியானவை. வாப்பா, அல்லது வாப்பாவும் உம்மாவும் சேர்ந்து, மகளுக்கு வளவும் வீடும் நன்கொடையாக எழுதுவது. வடக்குக்கு இன்னாருடைய வளவு, கிழக்குக்கு ஒழுங்கை, தெற்குக்கு இன்ன உம்மாவின் வளவு, மேற்குக்கு இன்ன உம்மாவின் வளவு. எல்லை சொல்லும் அந்த நாலு வரியில் பெரும்பாலும் பெண்களின் பேர்தான் வரும், ஏனென்றால் சுற்றிவரப் பெண்களின் வீடுதான். மார்க்கப்படி மௌத்துக்குப் பின் பங்கு பிரித்தால் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. அதற்கு முன்பே, உயிரோடு இருக்கும்போதே, வீடுகளை மகள்மாருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது எங்கள் கரையின் வழமை. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய் இருப்பார். கடைசியில் 'மேற்படி நன்கொடையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வரிக்குக் கீழே பெண் கையொப்பம் வைக்க வேண்டும். எழுத்துத் தெரியாத பெண்கள் பெருவிரல் வைத்தார்கள். பிறகு பிறகு நல்ல வடிவான கையெழுத்துகள் வந்தன.

அதே பெண்ணுக்குக் கலியாணப் பதிவுப் புத்தகத்தில் கையொப்பம் வைக்க இடமில்லை. 1951இன் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி மாப்பிள்ளை ஒப்பமிடுவார், பெண்ணின் பொறுப்பாளரான வலிகாரர் ஒப்பமிடுவார், நிகாஹ் நடத்தியவர் ஒப்பமிடுவார். வீட்டுக்கு உறுதி வாங்கியவள் உள்ளே இருப்பாள், குரவைச் சத்தம் கேட்கும். இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைத்த குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. அதைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. எங்கள் கரையில் நூற்றாண்டுகளாக வீட்டின் பேர் பெண்ணின் பேர், குடியின் வேர் பெண். அப்படிப்பட்ட ஊர், தன் மகளின் கலியாணத்தில் அவளுடைய கையெழுத்தைக் கேட்க ஏன் தயங்க வேண்டும்? உறுதியில் அவள் ஒப்பம் செல்லும் என்றால் காவின் என்ற கலியாணப் பதிவிலும் செல்லும்.

மரைக்காரின் இடம் வெறுமையாக இருந்ததை ஊர் முழுவதும் உணர்ந்தது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாட்டில் எந்த மாவட்டத்திலும் இவ்வளவு சாவு இல்லை. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடலோர ஒழுங்கைகள் அப்படியே போய்விட்டன. முதல் நாட்களில் பள்ளிவாசல்கள்தான் மையத்துகளை எடுத்தன, அகதிகளை வைத்தன, பட்டியல் எழுதின. ஆளைப் பார்த்து 'இது இன்னாருட உம்மா' என்று சொல்லக்கூடியவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டுத் திட்டம் வந்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு கோடு போட்டது. தெற்கில் அது 100 மீற்றர். கோட்டுக்குள் இருந்த பெண்களின் வளவு போய், வேறிடத்தில் புது வீடு. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் கணவனின் பேர் விழுந்தது. கொழும்பிலிருந்து வந்த உத்தியோகத்தருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அவர்கள் ஊரில் வீடு ஆணுடையது. உம்மம்மா உம்மாவுக்கும், உம்மா மகளுக்கும் கொடுத்து வந்த வீடு ஒரே படிவத்தில் வாப்பாவின் வீடாக மாறியது. பெண்கள் உறுதியைச் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு எங்கள் கந்தோருக்கு வந்தார்கள். சிலரின் உறுதி கடலில் போய்விட்டது; பதிவுக் கந்தோரில் பிரதி தேடி எடுத்தோம். 'புது வீட்ட எண்ட பேருக்கு மாத்தேலாதா தம்பி?' என்று கேட்டார்கள். பழைய காணியின் உறுதி புதிய வீட்டுக்குச் செல்லாது என்பதுதான் நான் சொல்ல வேண்டியிருந்த பதில்.

அந்த உத்தியோகத்தர் பள்ளி மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்த அன்று, பக்கத்தில் ஒரு மரைக்கார் தன் கொப்பியோடு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அவர் முதல் வரியைக் காட்டியிருப்பார்: இது ஒரு பெண்ணின் வீடு. அந்த ஆள் இங்கே மாப்பிள்ளையாக வந்தவர். எழுதுவதாக இருந்தால் இவள் பேரை எழுதுங்கள். இதைச் சொல்ல அவருக்குச் சட்ட அதிகாரம் இல்லை. ஆனால் சொல்வதற்கு ஒருவர் இருந்திருப்பார், கேட்டவர் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தியிருப்பார். குடும்பங்களை வெளியாருக்கு அறிமுகப்படுத்தப் பழைய முறையில் ஒரு ஆள் இருந்தார். புதிய முறையில் ஒரு படிவம் இருந்தது. படிவத்தைத் தயாரித்தவருக்கு எங்கள் ஊர் தெரியாது.

குடிகளை மறுபடியும் பள்ளியின் முன்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தேர்ந்தெடுத்த நிர்வாக சபை வந்தது நல்லது. கணக்கு வெளியே தெரிகிறது, இளம்பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் மரைக்கார் செய்த வேலைகளில் இரண்டை இந்தச் சபைகள் எடுத்துச் செய்யலாம். எடுத்துச் செய்யவும் வேண்டும்.

முதலாவது, பள்ளி இடாப்பு. அதில் இப்போது குடும்பத் தலைவரின் பேர் மட்டும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வீட்டுக்காரியின் பேரையும், அவளுடைய உம்மாவின் பேரையும் எழுதுங்கள். வீடும் காணியும் யாருடைய உறுதியில் இருக்கின்றன என்பதையும் குறியுங்கள். இரண்டாவது, அடுத்த முறை வெள்ளமோ புயலோ வந்து வீட்டுத் திட்டத்தோடு யாராவது வந்தால், அந்த இடாப்பை மேசையில் வைத்துப் பெண்ணின் பேரில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்; குறைந்தது இருவர் பேரிலும் எழுதச் சொல்லுங்கள்.

வாசகருக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயது தாண்டிய உம்மம்மாவோ மூத்தம்மாவோ இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் இருந்து கேளுங்கள்: நம்மட குடி எது, உங்கட உம்மா ஆரு, அவவிட உம்மா ஆரு, எங்கட குடிக்குக் கடைசியாக மரைக்காராக இருந்தது ஆரு. கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி, ஒரு பிரதியை உங்கள் பள்ளியிலும் இன்னொரு பிரதியை ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்திலும் கொடுத்துவிடுங்கள். என் மாமாவின் கொப்பியை நான் தட்டச்சுச் செய்யத் தொடங்கிவிட்டேன்.